இலவச கிளினிக் – கடிதம்

வணக்கம் சார்,

டாலஸ் பக்கத்தில் பதினொரு வருடமாக இருக்கிறேன். மென்பொருள் வேலை. வியாழக்கிழமை மாலைகளில் ஓர் இலவச கிளினிக்குக்குப் போவதாக நீங்கள் ஒருமுறை போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதம்.

போன வருடம் எனக்கு வேலை போனது. பழைய கம்பெனியின் இன்ஷூரன்ஸையே தொடரும் கோப்ரா ஏற்பாட்டை எடுத்தால் பிரீமியம் முழுவதையும் நாமே கட்ட வேண்டும் என்பது தெரிந்ததுதான். தொகையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. எடுக்கவில்லை. வேறு வேலை கிடைக்கும்வரை மகளுக்கு உடம்பு சுட்டால் தெர்மாமீட்டரைத் தேடுவதற்கு முன்பே பில்தான் நினைவுக்கு வரும். இப்போது நிலைமை சரியாகிவிட்டது. எதையாவது செய்யவேண்டும் என்று தோன்றுகிறது.

ஆனால் நண்பர்கள், "ஏழைகளுக்கு இங்கே மெடிகெய்ட் என்ற அரசு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, நீ அந்தப் பணத்தை ஊருக்கு அனுப்பு" என்கிறார்கள். என் மனைவியின் பெரியப்பா இங்கேயே டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூப்பிட்டால் வருவார், யாராவது கேஸ் போட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிறார். நானோ டாக்டர் இல்லை. தமிழ்ச் சங்கம் மூலம் மருந்து சேகரித்துக் கொடுக்கலாமா? பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

மருந்து சேகரிப்பதை முதலில் விட்டுவிடுங்கள். நான் செய்து பட்டவன்.

கிளினிக்குக்குப் போக ஆரம்பித்த முதல் வருடம், ஒரு பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்து மருந்து கேட்டேன். நம் மக்கள் கொடுப்பதில் குறை வைப்பதில்லை. ஒன்பது பைகள் சேர்ந்தன. பாதி புட்டிகள் ஏற்கெனவே திறந்தவை, கால்வாசி தேதி முடிந்தவை. ஒருவர் சென்னையிலிருந்து சூட்கேஸில் கொண்டுவந்திருந்த மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை அட்டைகளை அப்படியே கொடுத்திருந்தார். எதையும் நோயாளிக்குக் கொடுக்க முடியாது. திறந்த புட்டியில் என்ன இருக்கிறது என்று யார் உத்தரவாதம் தருவது? இந்தியாவில் விற்பதற்காகத் தயாரித்த மருந்துக்கு இங்கே அனுமதியும் கிடையாது. கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு புட்டியாக எடுத்து லேபிளில் இருந்த பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு, முறைப்படி அழிக்க அனுப்பும் பெட்டியில் போட்டார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து மை அடித்தேன்.

இத்தனைக்கும் மெட்ஃபார்மின் மாதிரியான பழைய மாத்திரைகள் இங்கே விலையே இல்லை. வால்மார்ட்டில் 2006 முதலே பல ஜெனரிக் மருந்துகள் ஒரு மாதத்துக்கு 4 டாலர்தான். அதை எழுதிக்கொடுக்க ஒரு டாக்டர் வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து அளவை மாற்ற வேண்டும். இல்லாதது அதுதான்.

அப்புறம், மெடிகெய்ட். உங்கள் நண்பர்கள் சொல்வது நியூயார்க்கிலோ கலிஃபோர்னியாவிலோ ஓரளவு சரி. நீங்கள் இருப்பது டெக்சாஸ். ஒபாமா கொண்டுவந்த சட்டம், வறுமைக்கோட்டை ஒட்டிய, வயது வந்த எல்லோரையும் மெடிகெய்டில் சேர்க்கச் சொன்னது. மாநிலங்களைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 2012இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெக்சாஸ் சேர்க்கவில்லை. அறுபத்தைந்து வயது ஆகாத, ஊனமில்லாத, கர்ப்பமாக இல்லாத, சின்னக் குழந்தைகள் இல்லாத ஓர் ஆள் இங்கே எவ்வளவு ஏழையானாலும் மெடிகெய்ட் கிடைக்காது. சரி, மானியத்தோடு தனியார் இன்ஷூரன்ஸ் வாங்கலாமே என்றால், மானியம் வறுமைக்கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு. கீழே இருந்தால் அதுவும் இல்லை! மாநிலம் இவர்களைச் சேர்த்துக்கொள்ளும் என்று நம்பி எழுதிய சட்டம். நடுவில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. எங்கள் கிளினிக்குக்கு வருபவர்களில் பலர் அந்தப் பள்ளத்தில் இருப்பவர்கள். கூரை வேய்பவர்கள், ஹோட்டல் அறை சுத்தம் செய்பவர்கள், பெட்ரோல் பங்க்கில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள். பங்க் ஆட்களில் நம்மவர்களும் உண்டு, என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வார்கள்.

எமர்ஜென்சிக்குப் போனால் பார்க்காமல் அனுப்ப முடியாது, 1986லிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டுவந்து அனுப்புவதோடு அவர்கள் கடமை முடிந்தது. மாதாமாதம் பிரஷர் மாத்திரை தர எமர்ஜென்சி இல்லை. பில் மட்டும் பின்னாலேயே வரும்.

ஊருக்கு அனுப்புவதைப் பற்றி: தாராளமாக அனுப்புங்கள், இது அதற்குப் போட்டி இல்லை. ஆனால் என் சித்தி வீட்டுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆள் வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். ஹூஸ்டனில் கூரை வேய்பவருக்கு அப்படி யாரும் இல்லை.

பெரியப்பாவின் பயம் நியாயமானது, அதற்கு வழியும் உண்டு. இலவச கிளினிக்கில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் டாக்டர்மீது வழக்கு வந்தால் மத்திய அரசே அதைத் தன்மேல் ஏற்றுக்கொள்ள ஓர் ஏற்பாடு இருக்கிறது. கிளினிக் அவர் பெயரைப் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முக்கியமான நிபந்தனை, நோயாளியிடமோ இன்ஷூரன்ஸ்காரரிடமோ கட்டணம் வாங்கக்கூடாது. 'பேருக்குப் பத்து டாலராவது வாங்கலாமே, அப்போதுதான் மதிப்பு தெரியும்' என்று நம் கூட்டங்களில் யாராவது ஆரம்பிப்பார்கள். வாங்கினால் டாக்டருக்கு இந்தப் பாதுகாப்பு போய்விடும். ஓய்வு பெற்ற டாக்டர்கள் இப்படி வருவது புதிதும் இல்லை. ஹில்டன் ஹெட் தீவு தென் கரோலினாவில் இருக்கிறது. ஓய்வு பெற்ற டாக்டர்கள் கோல்ஃப் ஆட வந்து குடியேறும் இடம். அங்கே ஜாக் மெக்கானல் என்ற டாக்டர் 1990களில் அப்படிப்பட்டவர்களைத் திரட்டி ஒரு கிளினிக்கே திறந்தார். பெரியப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இனி நீங்கள். ஸ்டான் ப்ராக் என்று ஒருவர், பிரிட்டனில் பிறந்து கயானாவில் மாடு மேய்த்தவர். டாக்டரே எட்டாத இடங்களுக்காக 1985இல் ரிமோட் ஏரியா மெடிக்கல் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1992லேயே அமெரிக்காவுக்குள், டென்னசியின் ஒரு மலைக் கிராமத்தில் பல் முகாம் போடவேண்டியதாயிற்று. இன்றும் அந்த முகாம்களுக்கு ஜனங்கள் முந்தின இரவே வந்து காரில் தூங்குகிறார்கள். பல்லுக்கும் கண்ணாடிக்கும் முகாம் பிரமாதம். பிடுங்கிய பல் பிடுங்கியதுதான், கணக்கு முடிந்தது. சர்க்கரையும் பிரஷரும் அப்படி இல்லை. அதே ஆள் திரும்ப வர வேண்டும், வரும்போது அதே கிளினிக் திறந்திருக்க வேண்டும். அதனால்தான் முகாமுக்கு ஒருநாள் வந்து டீ-ஷர்ட் வாங்கிப் போகிற தொண்டரைவிட, மாதம் இரண்டு மாலை ஒழுங்காக வருகிற ஆள் எங்களுக்கு வேண்டும்.

பணம் கொடுத்தால், இதற்குத்தான் என்று குறிப்பிடாமல் கொடுங்கள். ஒரு கூரை வேய்பவர், நல்ல ஆகிருதி, செருப்பில் தார் ஒட்டியிருக்கிறதென்று வாசலிலேயே கழற்றிவிட்டு வருவார். மூன்று வாரம் அவர் பிரஷர் ஏறிக்கொண்டே போனது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அப்புறம்தான் ஒரு நர்ஸ் கவனித்தார். பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டையில் எங்களிடம் இருந்த ஒரே பெரிய பட்டை கிழிந்துபோய், எல்லோருக்கும் சாதாரணப் பட்டையைத்தான் சுற்றிக்கொண்டிருந்தோம். தடித்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். புதுப் பட்டை ஐம்பது டாலர்கூட இல்லை. அந்த மாதம் எங்களுக்கு வந்த நன்கொடையெல்லாம் 'குழந்தைகள் தினத்துக்கு', 'புத்தாண்டு முகாமுக்கு' என்று கட்டி வந்தது. பட்டைக்கு யாரும் கொடுக்கவில்லை. வாடகைக்கும் கொடுப்பதில்லை.

நேரம் கொடுத்தால், போன் வேலை கேளுங்கள். புதன்கிழமை மாலை, மறுநாள் வரவேண்டியவர்களைக் கூப்பிட்டு நினைவுபடுத்துவது. யாருக்கும் பிடிக்காத வேலை, அதனால் எப்போதும் காலியாக இருக்கும். வராதவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டுப் பேசினால் காரைக் கடன் கொடுக்கிற மச்சானுக்கு அன்று ஷிஃப்ட் மாறியிருக்கும். வேறு நேரம் போட்டால் வந்துவிடுவார்கள்.

கூப்பிட வேண்டியவர்களில் பலர் ஸ்பானிஷ் பேசுபவர்கள். ஸ்பானிஷ் தெரியாதே என்று யோசிக்காதீர்கள். எனக்கும் தெரியாது. சுவரில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன். என் உச்சரிப்பைக் கேட்டு அந்தப் பக்கம் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் மெதுவாகப் பேசுவார்கள்.