பைக் பயணத்துக்குக் குறைந்த விலை ஆக்‌ஷன் கேமரா போதுமா? கூடவே எதெல்லாம் வாங்க வேண்டும்?

நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். விலை குறைந்த கேமராவில் எடுக்கும் படம் பார்க்கும்படி இருக்குமா, கூடவே எந்தப் பொருட்களை முதலில் வாங்குவது, விபத்து ஏதாவது நடந்தால் அந்தப் பதிவு உதவுமா. நானும் விலை குறைந்த கேமரா ஒன்றைத்தான் ஹெல்மெட்டில் மாட்டி ஓட்டுகிறேன், அதை வைத்தே சொல்கிறேன்.

போதும். ஆனால் கையிலிருக்கும் மொத்தப் பணத்தையும் கேமராவில் போடாமல், ஒரு பங்கை மவுண்ட் (கேமராவை மாட்டும் பிடி), மைக், மெமரி கார்டு மூன்றுக்கும் எடுத்து வைத்தால்தான் போதும். சுமாரான கேமராவைச் சரியான இடத்தில் மாட்டி எடுத்த படத்தைக் கடைசிவரை உட்கார்ந்து பார்க்கலாம். விலை உயர்ந்த கேமராவையே தப்பான இடத்தில் மாட்டினால் இரண்டு நிமிடத்தில் தலை சுற்றும்.

முதலில் கேமரா. பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் 4கே என்ற பட அளவை அப்படியே நம்பாதீர்கள். மலிவான மாடல்கள் பலவற்றில் படம் பிடிக்கும் சில்லான சென்சார் பதிவது அதைவிடக் குறைந்த அளவுப் படம்தான். கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் அதை இழுத்துப் பெரிதாக்கி 4கே என்று சேமிக்கிறது. கோப்பு பெரிதாகுமே தவிர நுணுக்கம் கூடாது. வாங்கும் முன் விவரப் பட்டியலில் சென்சாரின் மாடல் எண் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த எண்ணைத் தேடினாலே உண்மையான அளவு தெரிந்துவிடும். நான் முக்கியமாகப் பார்ப்பது, படத்தின் ஆட்டத்தைக் குறைக்கும் மின்னணு ஸ்டெபிலைசேஷன் எந்த அமைப்பில் வேலை செய்கிறது என்பதை. விலை குறைந்த கேமராக்களில் அது 4கே-வைவிடச் சிறிய பட அளவான 1080பி-யில் மட்டும் இயங்கும், அல்லது வினாடிக்கு 60 ஃபிரேம் வைத்தவுடன் தானாக அணைந்துவிடும். அசையாத 1080பி படம், ஆடுகிற 4கே படத்தைவிட எவ்வளவோ மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த ஸ்டெபிலைசேஷன் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருந்தால் ஏமாற்றம் குறையும். கேமராவுக்குள் இருக்கும் கைரோ சென்சார் அசைவை அளக்கிறது. படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, மிச்சத்தை எதிர்ப்பக்கம் நகர்த்தி அந்த அசைவைச் சரிக்கட்டுகிறார்கள். அதனால் காட்சி கொஞ்சம் நெருங்கித் தெரியும். இருட்டில் இது கைவிட்டுவிடும், ஏனென்றால் வெளிச்சம் போதாமல் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமும் ஏற்கெனவே கலங்கிப்போய்த்தான் பதிவாகிறது. கலங்கிய படத்தை நகர்த்தினாலும் கலக்கம் போகாது. ராத்திரிப் பயணத்தை அழகாக எடுக்க வேண்டும் என்பதே உங்கள் முதல் ஆசை என்றால் விலை குறைந்த கேமரா வேண்டாம்.

இன்னொரு ஆட்டம் இருக்கிறது, அதை ஸ்டெபிலைசேஷன் தொடக்கூட முடியாது. எஞ்சினின் அதிர்வு. இந்தக் கேமராக்களின் சென்சார் படத்தை ஒரே நொடியில் முழுதாகப் பிடிப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. ஒரு ஃபிரேமைப் படித்து முடிப்பதற்குள் கேமரா பலமுறை அதிர்ந்துவிட்டால் மேல் வரி ஒரு பக்கமும் கீழ் வரி இன்னொரு பக்கமும் விலகி, நேராக நிற்கும் கம்பம் ஜெல்லி மாதிரி நெளியும். ஹேண்டில்பாரில் கேமராவை மாட்டுபவர்கள் அதிகம் சந்திக்கும் தொல்லை இதுதான், அதிலும் ஒற்றை சிலிண்டர் வண்டியில் சொல்லவே வேண்டாம். ரப்பர் வைத்த மவுண்ட் ஓரளவு குறைக்கும். ஆனால் மனித உடம்பைவிட நல்ல அதிர்வுத்தாங்கி கிடையாது. எஞ்சினிலிருந்து கிளம்பும் அதிர்வு இடுப்பு, முதுகு, கழுத்து வழியாகத் தலைக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

'செல்போனையே ஹேண்டில்பாரில் மாட்டி எடுத்தால் என்ன?' என்றும் சிலர் கேட்பார்கள். வேண்டாம். அதிக சக்தியுள்ள மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் ஒளியியல் ஸ்டெபிலைசேஷனையும் ஆட்டோ ஃபோகஸையும் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. அந்த வகைப் போன்களில் லென்ஸ் உண்மையிலேயே நகரும்படி அமைக்கப்பட்டிருக்கும். விலை குறைந்த ஆக்‌ஷன் கேமராக்களில் பொதுவாக அப்படி அசையும் பாகம் இருக்காது என்பதால் அவை அதிர்வைத் தாங்கிக்கொள்கின்றன.

ஆக, மாட்டுவதற்கு எது நல்ல இடம்? முழுமுக ஹெல்மெட் போடுபவராக இருந்தால் தாடைப் பகுதிதான், தயங்காமல் சொல்வேன். கண் பார்ப்பதை ஏறக்குறைய அப்படியே கேமராவும் பார்க்கும், கைகளும் மீட்டரும் படத்தில் விழும், தலை திரும்பினால் காட்சியும் திரும்பும். ஹெல்மெட்டின் பக்கவாட்டில் மாட்டினால் ஒரு பக்கம் எடை கூடி, வேகத்தில் காற்று தலையைத் திருப்பப் பார்க்கும், கழுத்து வலிக்கும். உச்சியில் மாட்டினால் வண்டியே படத்தில் வராது. நெஞ்சுப் பட்டை, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்கு நன்றாக இருக்கும். முன்னால் சாய்ந்து ஓட்டும் வண்டியில் பெட்ரோல் டேங்க்தான் தெரியும்.

தாடை மவுண்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று பட்டையால் இறுக்கிக் கட்டுவது. இது எந்த ஹெல்மெட்டுக்கும் பொருந்தும், கழற்றி மாற்றலாம், ஆனால் தாடைப் பகுதியின் காற்றுத் துவாரங்களை மறைக்கும். மற்றது ஹெல்மெட் வளைவுக்கு ஏற்றபடி செய்த ஒட்டும் மவுண்ட். நான் ஒட்டுவதைத்தான் விரும்புகிறேன், அசைவே இருக்காது. ஒட்டுவதற்குப் பொறுமை வேண்டும். சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, அழுத்தி ஒட்டி, கேமராவை மாட்டாமல் விட்டுவிடுங்கள். 3எம் நிறுவனத்தின் விஎச்பி வகை ஒட்டுப்பட்டை முழுப் பிடிப்புக்கு வர, சாதாரண வெப்பநிலையில் 72 மணி நேரம் ஆகும். ஒட்டிய கையோடு கிளம்பினால் கேமரா ரோட்டில் விழ வாய்ப்புண்டு. அது பின்னால் வருபவரின் சக்கரத்துக்கு அடியில் போனால் ஆபத்து நம்மோடு நிற்காது. அதனால் கேமராவையும் ஹெல்மெட்டையும் இணைக்கும் மெல்லிய பாதுகாப்புக் கயிறு கட்டாயம் வேண்டும்.

ஹெல்மெட்டில் துளை போட்டு ஸ்குரூ முடுக்கும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஓட்டின் உறுதியே போய்விடும். விழும்போது கேமரா கழன்று தெறிப்பதுதான் நமக்கு நல்லது, பிடித்துக்கொண்டு கழுத்தைத் திருப்பக் கூடாது. ஹெல்மெட்டில் எதையும் மாட்டக் கூடாது என்று சட்டம் உள்ள இடங்களும் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒலி. புதிதாக வாங்குபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். தண்ணீர் புகாத உறைக்குள் கேமராவை வைத்தால் எல்லாச் சத்தமும் தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல் மழுங்கிக் கேட்கும். உறையைக் கழற்றினால் காற்றின் இரைச்சல் தவிர வேறு எதுவும் கேட்காது. பேசிக்கொண்டே ஓட்டுபவர் என்றால் ஒரு சின்ன காலர் மைக்கைப் பஞ்சு உறையோடு ஹெல்மெட்டுக்குள் கன்னப் பஞ்சின் ஓரத்தில், வாய்க்கு அருகில் வையுங்கள். எஞ்சின் சத்தம்தான் வேண்டுமென்றால் காற்றுப் படாத வண்டியின் பின்பகுதி நல்ல இடம். ஆனால் வாங்கும் முன் உங்கள் கேமரா வெளி மைக்கை ஏற்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டைப்-சி துளை இருப்பதாலேயே எந்த அடாப்டரும் வேலை செய்துவிடாது, ஒரு கம்பெனியின் அடாப்டர் இன்னொன்றில் பெரும்பாலும் பேசாது. ஏற்காவிட்டாலும் வழி இருக்கிறது. மைக்கைச் செல்போனில் செருகி, போனைச் சட்டைப் பைக்குள் வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள். கிளம்பும் முன் கேமரா முன்னால் ஒருமுறை கைதட்டினால் போதும், எடிட் செய்யும்போது அந்தச் சத்தத்தை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்திவிடலாம்.

மெமரி கார்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். வி30 என்று குறித்த கார்டு, வினாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும். விலை குறைந்த கேமரா வினாடிக்கு 60 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொண்டால் அது வெறும் 7.5 மெகாபைட்தான் (எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு மெகாபைட்). அசல் கார்டாக இருந்தால் வேகம் தாராளமாகப் போதும், பிரச்சினை போலிக் கார்டுகளில்தான். வாங்கியதும் கார்டை முழுக்க நிரப்பிச் சோதிக்கும் இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். அப்புறம் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். மேலே சொன்ன வேகத்தில் ஒரு மணி நேரப் பதிவு சுமார் 27 ஜிபி பிடிக்கும்.

பதிவைத் துண்டு துண்டாகச் சேமிக்கும் லூப் அமைப்பை மூன்று அல்லது ஐந்து நிமிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல கேமராக்களில் எம்பி4 கோப்பின் அட்டவணை, பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. குலுக்கலில் பேட்டரி ஒரு கணம் தொடர்பு விட்டால்கூட அந்தக் கோப்பு திறக்காமல் போகும். சின்னத் துண்டுகளாக இருந்தால் இழப்பு சில நிமிடத்தோடு முடியும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், கார்டு நிரம்பியதும் பழைய துண்டுகள் மேல் புதியது எழுதப்படும். வேண்டியதை அவ்வப்போது எடுத்து வைத்துவிடுங்கள்.

பேட்டரி கூடுதலாக ஒன்றோ இரண்டோ வைத்துக்கொண்டால் பெரிய கவலை இல்லை. பவர் பேங்கிலிருந்து கேபிள் இழுத்தும் ஓட்டலாம், ஆனால் கேபிள் செருகிய நிலையில் மழைக்குத் தாங்காது. வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்து எடுத்தால் சில நேரம் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி பதிவில் கலந்துவிடும். தண்ணீர் புகாத உறையை மழைக்கும் புழுதிக்கும் மட்டும் எடுங்கள், உள்ளே ஈரம் உறிஞ்சும் சின்ன அட்டை வைத்தால் லென்ஸ் முன்னால் பனி படியாது. ஐம்பது பொருள் சேர்ந்த துணைக்கருவிப் பெட்டி மலிவாகத் தெரியும், அதில் பைக்குக்கு உதவுவது திருகாணியும் மவுண்டை நீட்டும் ஓரிரு இணைப்புக் கைகளும்தான். லென்ஸ் முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரும் இப்போதைக்கு வேண்டாம். அது ஷட்டரை மெதுவாக்கும், நாம் நம்பியிருக்கும் ஸ்டெபிலைசேஷனோ வேகமான ஷட்டரில்தான் நன்றாக வேலை செய்யும். அதற்குப் பதில் படத்தின் வெளிச்ச அளவைத் தீர்மானிக்கும் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் மைனஸில் வையுங்கள், வானம் வெளுத்துப் போகாது.

எல்லாம் மாட்டியபின் முதல் ஓட்டம் தெரிந்த ரோட்டில் குறுகியதாக இருக்கட்டும். ஓட்டும் நிலையில் உட்கார்ந்து, போன் ஆப்பில் கோணத்தைப் பார்த்துச் சரிசெய்து, பதிவைத் தொடங்கிவிட்டுத்தான் கியர் போட வேண்டும். ஓடும் வண்டியில் கேமரா பட்டனைத் தேடாதீர்கள். எந்தக் காட்சியும் அதற்குத் தகுதியில்லை.

கடைசிக் கேள்வி, விபத்துச் சாட்சி. சிக்னல் எந்த நிறத்தில் இருந்தது, யார் எந்தப் பக்கம் திரும்பினார், எந்த லேனில் வந்தார் என்பதையெல்லாம் விலை குறைந்த கேமராவும் தெளிவாகக் காட்டும். தேதியையும் நேரத்தையும் சரியாக வையுங்கள், பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில கேமராக்களில் அது பழைய தேதிக்குப் போய்விடும். நம்பர் பிளேட் விஷயத்தில்தான் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 170 டிகிரி அகல லென்ஸில் கொஞ்சம் தள்ளியிருக்கும் வண்டிகூடச் சின்னதாகிவிடும், எழுத்து படிக்கக் கிடைக்காது. அதனால் யாராவது இடித்துவிட்டு நிற்காமல் போனால், கண்ணில் பட்ட எண்ணை உடனே சத்தமாகச் சொல்லிவிடுங்கள். ஹெல்மெட்டுக்குள் மைக் இருந்தால் கேமரா படிக்க முடியாத எண் உங்கள் குரலில் நேரத்தோடு பதிவாகிவிடும்.