சென்னையில் பொருள் தயாரித்து விற்கும் நிறுவனம் தொடங்குகிறேன். இன்குபேஷன் சென்டரில் சேர வேண்டுமா?

இன்குபேஷன் சென்டர் என்பது புது நிறுவனங்களுக்கு இடமும் கருவிகளும் ஆலோசனையும் தந்து வளர்த்துவிடும் மையம். பொருள் தயாரிக்கிறீர்கள் என்றால் சேருங்கள். ஆனால் ஏசி அறையையும் வைஃபையையும் பார்த்து இடம் பிடிக்காதீர்கள். அங்கே என்ன டெஸ்டிங் வசதி இருக்கிறது, துறை தெரிந்த ஆள் யார் இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். 2013-இல் தொடங்கிய மின்சார ஸ்கூட்டர் நிறுவனம் ஏத்தரும், 2017-இல் தொடங்கிய ராக்கெட் நிறுவனம் அக்னிகுலும் ஐஐடி மெட்ராஸில் வளர்ந்தவை. தனியாகக் காசு கொடுத்து வாங்க முடியாத ஆய்வுக்கூடமும், சந்தேகம் கேட்கப் பேராசிரியர்களும் அங்கே பக்கத்திலேயே கிடைத்தார்கள். அக்னிகுல் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டே விட்டுவிட்டது!

நான் பம்ப்செட்டுக்குக் கண்ட்ரோலர் செய்கிறேன். எனக்குப் பாதிப் பாடம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில்தான் கிடைத்தது. பெட்டிக்கான டிராயிங்கைப் பார்த்த ஷீட் மெட்டல் பட்டறை அண்ணன், "ஓட்டை பெண்டுக்கு இவ்ளோ பக்கத்துல இருந்தா இழுத்துக்கும் தம்பி, தள்ளி வை" என்றார். பெண்டு என்றால் தகட்டை மடிக்கும் இடம்; மடிக்கும்போது ஓட்டை கோணிவிடும் என்கிறார். கிண்டி, அம்பத்தூர் பட்டறைகளில் இப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். எந்தச் சென்டரும் இவர்களைச் சம்பளம் கொடுத்து ஆலோசகராக வைத்து நான் பார்த்ததில்லை. வைக்க வேண்டும்.

பணத்துக்குத் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு நடத்தும் டான்சீட் என்ற தொடக்க நிதித் திட்டம் இருக்கிறது: 10 லட்சம் வரை, பெண்கள் நடத்தும் நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை. விண்ணப்பியுங்கள்.

ஆனால் நம் ஊரில் சின்னக் கம்பெனியைச் சாய்ப்பது பெரும்பாலும் முதலீடு கிடைக்காததல்ல, விற்ற பொருளுக்குப் பணம் வராததுதான். என் முதல் பெரிய ஆர்டரில், பொருளை வாங்கியவர்கள் பில் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். வீட்டு நகையை அடகு வைத்துச் சம்பளம் போட்டேன். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. இதை வழிகாட்ட வந்த ஒரு மென்டாரும் எனக்குச் சொல்லவில்லை, ஆடிட்டர்தான் சொன்னார். முதலீட்டாளரிடம் காட்டும் பிட்ச் டெக் பயிற்சிக்கு ஒதுக்கும் நேரத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கினால் எத்தனையோ பேர் கடையை மூடாமல் இருப்பார்கள்.

அதனால் முதல் ஆர்டரை எடுக்கும் முன்பே, இந்தச் சட்டப் பாதுகாப்பைக் கேட்க உதவும் உத்யம் பதிவை, அதாவது குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்யும் பதிவை, முடித்துவிடுங்கள். ஆன்லைனில் இலவசம். அப்புறம், சேரப்போகும் சென்டரிலிருந்து வெளியே போன இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். முதல் வாடிக்கையாளரை யார் பிடித்துக் கொடுத்தார்கள், பில் பணம் எத்தனை நாளில் வந்தது என்று கேளுங்கள்.