நாட்டு மரக்கன்றுகள் எழாமல் நிற்கின்றன: வேர் உட்பூசணம் போட்டால் தேறுமா?

கேள்வி: இரண்டு ஏக்கர் செம்மண் தரிசு, மானாவாரி. மேடு பள்ளத்தைச் சமன்செய்ய இயந்திரம் வைத்து மேல்மண்ணை வழித்துத் தள்ளினேன். பிறகு வன்னி, உசில், வேம்பு, புளி கன்றுகளை நட்டேன். இரண்டு மழைக்காலம் போயும் பெரும்பாலானவை முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. குழிக்கு ஒரு கைப்பிடி டி.ஏ.பி. (மணிச்சத்து மிகுந்த உரம்) வைத்தும் மாற்றமில்லை. வேலியோரம் தானாக முளைத்த உசிலும் வேம்பும் ஆளுயரம் தாண்டிவிட்டன. வேர்ப்பூசணம் வாங்கிப் போடச் சொல்கிறார்கள். போடலாமா? பழைய மரத்தடி மண்ணை அள்ளிப் போட்டால் போதாதா?

பதில்: உங்கள் வேலியோரக் கன்றுகளே பாதி விடையைச் சொல்லிவிட்டன. அதே மழை, அதே வெயில், அடுத்தடுத்த நிலம். ஆனால் வேலியோர மண்ணை யாரும் கலைக்கவில்லை. அங்கே பழைய வேர்களும் புல்லும் புதரும் இருக்கின்றன, அவற்றின் வேருக்குள் வாழ்ந்து சத்து சேர்த்துத் தரும் உட்பூசணமும் உயிரோடு இருக்கிறது. முளைத்து வந்த கன்றின் வேரை அது சில வாரங்களிலேயே பற்றிக்கொண்டிருக்கும். நடுநிலத்தில் அந்தப் பூசணத்தின் பெரும்பகுதி நீங்கள் வழித்துத் தள்ளிய மேல்மண்ணோடு போய்விட்டது. மண்ணில் மேலே உள்ள 15–20 சென்டிமீட்டரில்தான் அது மிகுதியாக இருக்கும். கீழே போகப் போகக் குறைந்துவிடும்.

இந்தப் பூசணம் சல்லிவேருக்குள் நுழைந்து, அதன் செல்களுக்குள் நுண்ணிய கிளைகளாகப் பிரிகிறது. மரம் இலையில் தயாரிக்கும் சர்க்கரையிலும் கொழுப்பிலும் ஒரு பங்கு அந்தக் கிளைகள் வழியாகப் பூசணத்துக்குப் போகிறது. பதிலுக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்), துத்தநாகம், தாமிரம் ஆகியவை வேருக்கு வருகின்றன. இவற்றில் மணிச்சத்துதான் முக்கியம். செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அது இருந்த இடத்தை விட்டு அநேகமாக நகராது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை உறிஞ்சிவிட்டால் அங்கே ஒரு வெறுமை வளையம் உண்டாகிவிடும். பூசண இழைகள் அந்த வளையத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் வரை போய்ச் சத்தை எடுத்து வரும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமன் என்பதால், சல்லிவேர் நுழைய முடியாத மண் இடுக்குகளிலும் அவை நுழையும்.

பூசணம் குழாய் வைத்தாற்போல் தண்ணீரை இறைத்துத் தரும் என்று சொல்வதுண்டு. அப்படி எதிர்பார்க்க வேண்டாம். இழைகள் நேரடியாகக் கொண்டுவரும் தண்ணீர் கொஞ்சம்தான். மணிச்சத்து கிடைத்த கன்று முதல் மழையிலேயே ஆணிவேரை ஆழமாக இறக்கிவிடும். மண் காயும்போது வேருக்கும் மண் துகளுக்கும் உள்ள தொடர்பை இழைகள் காக்கும். மண் துகள்களைக் கட்டித் திரட்டி, பெய்த மழை உள்ளே இறங்கவும் உதவும். வறட்சி தாங்குவது இவற்றால்தான். பெரிய மரம் சின்னக் கன்றுக்குப் பூசணம் வழியாக உணவு அனுப்பும் என்ற பேச்சுக்கு, வயல்வெளியில் கிடைத்துள்ள சான்று பலவீனமானது. அதை நம்பி நடவைத் திட்டமிடாதீர்கள்.

டி.ஏ.பி. பலன் தராததற்கும் காரணம் உண்டு. போட்டதில் பெரும்பகுதியைச் செம்மண் பிடித்துக்கொண்டது. எஞ்சியது வேரருகே மணிச்சத்தைத் திடீரென்று கூட்டியிருக்கும். மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது மரம் பூசணத்துக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். வேருக்குள் பூசணம் பரவாது. உரத்தின் வேகம் அடங்கியபின் கன்றுக்கு உரமும் இல்லை, துணையும் இல்லை. இனி இந்தக் கன்றுகளுக்கு டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் வேண்டாம். வன்னியும் உசிலும் வேர்முடிச்சு வைத்துக் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) எடுக்கும் இனங்கள். முடிச்சு வேலைசெய்ய மணிச்சத்து தேவை என்பதால், பூசணம் இல்லாத இடத்தில் அதுவும் முடங்கும். ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலைசெய்கிறது, வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. வேம்புக்கும் புளிக்கும் முடிச்சு கிடையாது, தேட வேண்டாம்.

பூசணம் வாங்கும் முன் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். மழை பெய்த மறுநாள் ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் குத்துங்கள். 30 சென்டிமீட்டருக்குள் முட்டி நின்றால் இயந்திரம் ஏறி இறங்கி மண் இறுகியிருக்கிறது. அடுத்து, மிக மோசமான கன்றுகளில் இரண்டை மண்ணோடு தோண்டிப் பாருங்கள். ஆணிவேர் நாற்றுப்பையின் அடியில் சுருண்ட நிலையிலேயே நின்றிருந்தால், அந்தக் கன்றை எதைப் போட்டும் மரமாக்க முடியாது. மாற்றி நடுவதே சரி. இறுகிய மண்ணையும் சுருண்ட வேரையும் பூசணம் சரிசெய்யாது. இந்த இரண்டும் இல்லையென்றால், மேலே சொன்ன காரணம்தான் என்று வைத்துக்கொண்டு தொடரலாம்.

விற்பனையில் வேம் என்ற பெயரில் வருவது வேர் உட்பூசணம்தான். வாங்கும்போது தயாரித்த தேதியையும், ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள வித்துக்கள் (பூசணத்தின் விதை போன்றவை) என்ற குறிப்பையும் பாருங்கள். வெயிலில் அடுக்கிவைத்த மூட்டையைத் தொடாதீர்கள். பைன், தைல மரங்களுக்கான காளான் வகைப் பூசணமும் சேர்ந்திருக்கிறது என்று சிலவற்றில் அச்சிட்டிருப்பார்கள். உங்கள் நான்கு மரங்களுக்கும் அதனால் பயனில்லை. இவற்றுக்கான உட்பூசணம் காளானாக முளைக்காது. மண்ணில் கண்ணுக்குத் தெரியும் வெள்ளை நூல்கள் பெரும்பாலும் மட்கைத் தின்னும் வேறு பூசணங்கள். அவற்றைப் பார்த்து மகிழவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

இருந்தாலும் உங்களுக்கு என் முதல் தேர்வு வேலியோர மண்தான். அந்த வெயிலுக்கும் அந்த மண்ணுக்கும் பழகிய பல வகைப் பூசணங்கள் அதில் கலந்திருக்கின்றன. பையில் வருவது ஓரிரு வகையாக இருக்கலாம். ஆனால் வேலியோர மண்ணை அப்படியே அள்ளிக் குழியில் போடுவதில் ஓர் ஆபத்து உண்டு. வேரழுகல், நூற்புழு, சீமைக்கருவேல் விதை எல்லாம் கூடவே வரும். ஆகவே ஒருமுறை புல்லினப் பயிரின் வேரில் பெருக்கி எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தைத் தாக்கும் நோய்கள் பல அதிலேயே குறைந்துவிடும். இந்தப் பூசணம் உயிருள்ள வேர் இல்லாமல் பெருகாது என்பதால் பயிர் வைத்தே ஆகவேண்டும்.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிழல் விழாத இடத்தில் குழி எடுங்கள். பாலித்தீன் விரித்து அடியில் சில துளைகள் இடுங்கள். நீர் தேங்கினால் பூசணம் மூச்சுமுட்டும். மணலும் சலித்த செம்மண்ணும் பாதிக்குப் பாதி கலந்து 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். நனைத்து, கண்ணாடி போன்ற நிறமற்ற பாலித்தீனால் இறுக்கி மூடி, கோடை வெயிலில் 4 முதல் 6 வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் இந்த வேலைக்கு ஆகாது, சூடு உள்ளே இறங்காது. பிறகு நோயற்ற உசில், வேம்பு மரங்களின் அடியில் மேல் சருகை விலக்கி, 5 முதல் 20 சென்டிமீட்டர் ஆழ மண்ணைச் சல்லிவேரோடு எடுங்கள். ஒரே மரமாக இல்லாமல் ஐந்தாறு மரங்களிலிருந்து எடுப்பது நல்லது. வேரைப் பொடியாக நறுக்கிக் கலந்து, குழிக்கலவையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, மேல்மட்டத்திலிருந்து 3–5 சென்டிமீட்டர் கீழே ஒரே அடுக்காகப் பரப்பி மண் மூடுங்கள். அதன்மேல் சோளமோ கம்போ நெருக்கமாக விதையுங்கள். வேர் அந்த அடுக்கைக் கடந்துதான் இறங்க வேண்டும். சூட்சுமம் அதில் இருக்கிறது. மணிச்சத்து உரம் வேண்டாம். பயிர் மஞ்சளித்தால் மட்டும் 30, 45-ஆம் நாட்களில் 10 கிராம் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள்.

மூன்று, நான்கு மாதம் வளரட்டும். கடைசி இரண்டு வாரம் தண்ணீரை நிறுத்துங்கள். வேர் காயத் தொடங்கும்போது பூசணம் வித்துக்களை மிகுதியாக உண்டாக்கும். தட்டையைத் தரையோடு அறுத்து, வேரைத் தோண்டி நறுக்கி, குழி மண்ணோடு கலந்து நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டுங்கள். அடுத்த சில மாதங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

நாற்றங்காலில் கொடுப்பதுதான் மிகச் சிக்கனமான முறை. பைக்கலவையில் தொழுவுரம் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வாங்கிய வேம் என்றால் பைக்கு 5–10 கிராம், அல்லது 1000 கிலோ கலவைக்கு 10 கிலோ. சொந்தமாகப் பெருக்கியது செறிவு குறைந்தது, ஆகவே இருபதில் ஒரு பங்கு கலக்கலாம். மேட்டுப்பாத்தியில் விதைத்தால் சதுர மீட்டருக்கு 100 கிராம் வேம், விதைக்கு 2–3 சென்டிமீட்டர் கீழே. இருபது பைகளைப் பூசணம் இல்லாமல் தனியே வையுங்கள். 8–10 வாரத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வேறுபாடே இல்லையென்றால் வித்து செத்திருக்கிறது, அல்லது கலவையில் மணிச்சத்து அதிகம். நடும்போது கொடுப்பதானால் கன்றுக்கு 20 கிராம், வேரைத் தொடும்படி.

இப்போது நிலத்தில் நிற்கும் கன்றுகளுக்கு, நல்ல மழை பெய்து புதுவேர் ஓடும் சமயத்தில், தண்டிலிருந்து ஓரடி தள்ளி நாற்புறமும் கடப்பாரையால் 15–20 சென்டிமீட்டர் குழி போடுங்கள். குழிக்கு 25 கிராம் வேம், அல்லது சொந்தக் கலவை இரண்டு கைப்பிடி. மண் மூடி அழுத்துங்கள். வளர்ந்த மரத்துக்குத்தான் 200 கிராம் தேவை. காய்ந்த மண்ணில் தூவினால் வீண். மேலே தூவி விட்டாலும் வீண், வெயிலில் கருகிவிடும்.

பிறகு அதைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. கன்றைச் சுற்றி ஒன்றரை அடிக்கு அப்பால் தட்டைப்பயறோ கொள்ளோ விதையுங்கள். அவற்றின் வேரில் பூசணம் பரவும். மழை ஓய்வதற்குள் தரையோடு அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். பிடுங்க வேண்டாம். விட்டுவைத்தால் கன்றின் ஈரத்தைப் பயிர் குடித்துவிடும். கடுகு, முள்ளங்கி போன்றவற்றில் இந்தப் பூசணம் வாழாது. வரிசைகளுக்கு இடையே தானாக வரும் ஆவாரையையும் புல்லையும் அடியோடு அழிக்காதீர்கள். கன்றை மூடாதபடி வெட்டிவிட்டால் போதும். சுழல் கலப்பை ஓட்டினால் இழைவலை அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நாற்றங்காலில் கார்பன்டாசிம் என்ற பூசணக்கொல்லியை ஊற்றும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், அது இந்தப் பூசணத்தையும் அடக்கிவிடும். நோய்ப் பூசணங்களை அடக்கும் டிரைக்கோடெர்மாவை ஒரே நாளில் சேர்த்துப் போடாமல் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

வேருக்குள் பூசணம் ஏற மூன்று, நான்கு வாரமாகும். நிலத்தில் உள்ள கன்றில் பலன் புதுத்துளிரில்தான் தெரியும், பழைய இலையில் அல்ல. சொந்தக் குழிக்கு வெயிலில் மூடிவைக்கும் காலத்தோடு சேர்த்து ஐந்து மாதம், நாற்றங்காலுக்கு இன்னும் ஐந்தாறு மாதம் என்று கணக்கிட்டால், அடுத்த மழைக்கு அதில் வளர்த்த கன்று தயாராகாது. ஆகவே வரும் மழைக்கு நிற்கும் கன்றுகளுக்கு மட்டும் வேம் வாங்கிப் போடுங்கள். வேர் சுருண்டு மாற்ற வேண்டியவற்றை அதற்கடுத்த மழைக்கு உங்கள் வேலியோர மண்ணில் பெருக்கியதைக் கொண்டே வளர்த்து நடலாம். குழியை இந்தக் கோடையிலேயே எடுத்துவிடுங்கள்.