லிப்விர்ட்டில் ஒரு சாதனம் உண்டா இல்லையா: கேள்வி பதில்

கேள்வி: சார், பழைய சர்வரில் இருந்த விஎம்-ஐ (மெய்நிகர் கணினியை) ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 ஹோஸ்டுக்கு மாற்றினேன். கியூஎக்ஸ்எல் வீடியோ மாடலுக்கு ஆதரவில்லை என்று, விஎம்-களை நிர்வகிக்கும் லிப்விர்ட் மறுக்கிறது. இங்கே விஎம்-ஐ ஓட்டும் கியூஎமு முன்பிருந்ததைவிடப் புதிய பதிப்புதானே?

புதியதுதான். ஆனால் பதிப்பு எண்ணை வைத்து சாதனம் இருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். கியூஎமு மூலநிரலில் கியூஎக்ஸ்எல் இருக்கிறது. ரெட்ஹேட் 9-க்கான பைனரியில் அதையும், அதோடு சேர்ந்து இயங்கும் தொலைத்திரை நெறிமுறையான ஸ்பைஸையும் எடுத்துவிட்டார்கள். இந்தக் குறிப்பிட்ட பைனரியில் என்ன இருக்கிறது என்பதை அதனிடமே கேட்பதுதான் சரியான வழி. ‘விர்ஷ் டொம்கேப்பபிலிட்டீஸ்’ கட்டளையைக் கொடுத்து, வீடியோ பகுதியில் வரும் மாடல்களைப் பாருங்கள். உங்கள் விஎம்-இன் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பில் வீடியோவை விர்டியோவுக்கும் (விஎம்-களுக்கென்றே உருவாக்கிய சாதன வகை), கிராபிக்ஸை விஎன்சி என்ற தொலைத்திரை முறைக்கும் மாற்றுங்கள். அப்புறம் ஸ்பைஸ் சேனல், யூஎஸ்பி ரீடைரக்ட் வரிகளையும் நீக்குங்கள். பலர் வீடியோவை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த பிழையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: லிப்விர்ட்டுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது அண்ணா?

ஆரம்பத்தில் கியூஎமு-வின் ஹெல்ப் உரையைப் படித்துத்தான் கண்டுபிடித்தது. உரையில் ஒரு சொல் மாறினாலும் தடுமாறும். 2012-இல் கியூஎமு 1.2 வந்தபோது இந்த நிலை மாறியது. இப்போது எந்த விஎம்-மும் இல்லாமல் பைனரியைத் தனியாக ஓட்டி, பிற நிரல்கள் கியூஎமு-வுடன் பேசும் கியூஎம்பி இடைமுகம் வழியாக ஜேசன் வடிவில் கேட்கிறது: உன்னிடம் என்னென்ன சாதன வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் என்னென்ன பண்புகள் உண்டு என்று. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. டிஸ்ட்ரோ எதைச் சேர்த்தாலும் எதை நீக்கினாலும் பதில் சரியாகவே வரும். நீங்கள் சொந்தமாக மேலாண்மைக் கருவி எழுதினாலும் இதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: சாதனத்துக்கான மாட்யூல் பேக்கேஜை நிறுவிவிட்டேன். லிப்விர்ட் இன்னும் ‘இல்லை’ என்றே சொல்கிறது.

கேஷ்தான் காரணமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் பைனரியை ஓட்டினால் நேரமாகும் என்பதால் கிடைத்த பதிலைச் சேமித்து வைக்கிறது. கியூஎமு பைனரியோ லிப்விர்ட்டோ கர்னலோ மாறினால் தானாகவே மறுபடி கேட்கும். மாட்யூல் கோப்புறை மாறியதை மட்டும் பழைய லிப்விர்ட் கவனிக்காது. ‘வார்’ கோப்பகத்தில் கேஷ், லிப்விர்ட், கியூஎமு என்று உள்ளே போங்கள்; கேப்பபிலிட்டீஸ் கோப்புறையில் இருப்பவற்றை நீக்கிவிட்டு டீமனை மறுதொடக்கம் செய்யுங்கள். ஓடும் விஎம்-கள் நிற்காது.

கேள்வி: ஒரே ஹோஸ்டில் எனக்கும் நண்பருக்கும் வேறு வேறு பட்டியல் வருகிறதே?

மெஷின் வகையையும் ஆர்கிடெக்சரையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். எக்ஸ்86-இன் கியூ35 மெஷின் வகைக்கு வரும் பதிலும் ஏஆர்எம்-இன் ‘விர்ட்’ மெஷின் வகைக்கு வரும் பதிலும் ஒன்றாக இருக்காது.

கேள்வி: விர்டியோ டிஸ்க் உண்டு என்று காட்டுகிறது. விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை சார்.

டொம்கேப்பபிலிட்டீஸ் ஹோஸ்ட் பக்கத்தை மட்டுமே சொல்லும். விருந்தினர் ஓஎஸ்-இல் டிரைவர் இருக்கிறதா என்பது லிப்ஓஎஸ்இன்ஃபோ தரவுத்தளத்தின் வேலை. விண்டோஸுக்கான விர்டியோ டிரைவர்கள் உள்ள ‘virtio-win’ ஐஎஸ்ஓ-வை இணைத்து, நிறுவும் திரையிலேயே டிரைவரை ஏற்றுங்கள். ஏற்கெனவே நிறுவிய விண்டோஸ் என்றால், பூட் டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் சிறிய விர்டியோ டிஸ்க் ஒன்றை இணைத்து டிரைவரை நிறுவிவிட்டு, பிறகு மாற்றுங்கள்.