அக்காவின் ஹார்மோன் மாத்திரையை நானும் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 50. பீரியட்ஸ் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ராத்திரியில் உடம்பு குப்பென்று சூடாகி, நைட்டி நனைகிற அளவுக்கு வேர்க்கிறது. தூக்கமே இல்லை. டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மார்பகப் புற்றுநோய் வந்துவிடும் என்று நாத்தனார் பயமுறுத்தியதால் அட்டையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன். என் அக்காவும் ஹார்மோன்தான் சாப்பிடுகிறாள், அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தாயிற்று. அந்தப் பயம் அவளுக்கு வேண்டாம் என்று அவளுடைய டாக்டர் சொன்னாராம். அவளுடைய மாத்திரையையே நானும் சாப்பிடலாமா? எங்கள் சித்திக்கு 68 வயதில் மார்பகப் புற்று வந்தது.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டவே வேண்டாம். அக்கா சாப்பிடுவது பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரையாக இருக்கும். உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கிறது. வெறும் ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டால் அதன் உள்சுவர் தடித்துக்கொண்டே போய், கர்ப்பப்பைப் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். அதைத் தடுக்கத்தான் உங்களுக்குப் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மார்பகத்துக்குச் சற்றுக் கூடுதல் ஆபத்தைக் கொண்டுவருவதும் முக்கியமாக இந்தச் சேர்க்கைதான். அதற்காக அதை விட்டுவிடவும் முடியாது.

உங்கள் நாத்தனாரின் பயம் 2002 ஜூலையில் அமெரிக்காவில் கிளம்பியது. பதினாறாயிரத்துக்கும் அதிகமான பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றைப் பாதியில் நிறுத்தினார்கள். இந்த இரண்டும் சேர்ந்த கூட்டு ஹார்மோன் சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்று 26 சதவீதம் கூடுகிறது என்று செய்தி பரவ, உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள். அந்த 26 சதவீதத்தை ஆட்கணக்கில் பாருங்கள்: மாத்திரை சாப்பிடாத 10,000 பேரில் வருடத்துக்கு 30 பேருக்கு வந்த நோய், சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு வந்தது. அந்த எட்டுப் பேரும் மனுஷிகள்தான், நான் அதைச் சின்னதாக்கவில்லை. ஆனால் அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதையும், பலருக்கு மாதவிடாய் நின்று பல வருடங்கள் ஆகியிருந்தது என்பதையும் யாரும் அவ்வளவாகச் சொல்லவில்லை. அதே ஆய்வின் இன்னொரு பிரிவில், கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு வெறும் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது மார்பகப் புற்று கூடவில்லை, 20 வருடம் கழித்துப் பார்த்தபோது குறைவாகவே இருந்தது. உங்கள் அக்காவின் டாக்டர் இதை வைத்துத்தான் சொல்லியிருப்பார்.

2019-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதில் வெறும் ஈஸ்ட்ரோஜனுக்கும் லேசான கூடுதல் தெரிந்தது. கூட்டு மாத்திரையைத் தினமும் 50 வயதிலிருந்து ஐந்து வருடம் சாப்பிட்டால், 69 வயதுக்குள் ஐம்பது பேரில் ஒருவருக்கு அதிகப்படியாக நோய் வரும் என்பது அவர்கள் கணக்கு. இது மேலை நாட்டுக் கணக்கு. நம் நாட்டில் அடிப்படை எண்ணிக்கையே குறைவு. ஒரு வருடத்துக்குள் நிறுத்திவிட்டால் கூடுதல் மிகக் குறைவு. பல வருடம் சாப்பிட்டால், நிறுத்திப் பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும் அந்த ஆபத்து ஓரளவு தொடரும்.

சித்திக்கு 68 வயதில் வந்தது என்ற ஒரே காரணத்துக்காக உங்களுக்கு மறுக்க வேண்டியதில்லை. அம்மா, கூடப் பிறந்தவர்கள் என்று பலருக்கோ, 50 வயதுக்குள் யாருக்காவதோ வந்திருந்தால் கதை வேறு, அதை டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு வந்திருந்தாலும் அப்படியே. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), பிரஷர் இரண்டும் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். இயற்கைப் புரோஜெஸ்டிரோன் கிடைக்குமா, ஈஸ்ட்ரோஜனை ஜெல்லாகத் தோலில் தடவலாமா என்றும் கேளுங்கள். ஜெல்லில் ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. அப்புறம், பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வருடக்கணக்காக வாங்கிக்கொண்டே இருக்காதீர்கள், வருடத்துக்கு ஒருமுறை இன்னும் தேவைதானா என்று பார்க்க வேண்டும். நடுவில் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே போய்க் காட்டுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு டாக்டர் சரி என்றால், தூக்கம் கெட்டுத் தவிக்கிற நீங்கள் அந்த அட்டையைப் பிரிக்கலாம் என்பதே என் கருத்து.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து, நோய் திரும்பாமல் இருக்க டமாக்சிஃபென் சாப்பிடுகிறார். உடம்புச் சூடு தாங்க முடியவில்லை. டிபோலோன் மாத்திரை பாதுகாப்பானது என்கிறார்கள், கொடுக்கலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: கொடுக்காதீர்கள். டிபோலோனும் உடம்பில் ஹார்மோன் போல வேலை செய்கிற மருந்துதான். உங்கள் அம்மாவைப் போல நோய் வந்து தேறியவர்களிடமே இதைச் சோதித்து, 2009-ல் முடிவு வெளியானது: மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கும், டிபோலோன் சாப்பிட்டவர்களில் 15 பேருக்கும் நோய் திரும்பி வந்தது. ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன. குறைந்த அளவு வென்லாஃபாக்சின், காபாபென்டின் பலருக்குக் கேட்கிறது. புற்றுநோய் டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள். இதே சூட்டுக்குப் பராக்செட்டின் என்று ஒரு மருந்தும் உண்டு, அது டமாக்சிஃபென் வேலை செய்வதைக் குறைத்துவிடும். ஆகவே யார் எதை எழுதிக் கொடுத்தாலும் அம்மா டமாக்சிஃபென் சாப்பிடுகிறார் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.