தேசிய அணிக்கும் ஜூனியர் லீகுக்கும் என்ன பிணக்கு?

கேள்வி: அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் இளம் வீரர்களை வளர்ப்பதற்கென்றே ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. அப்படியிருந்தும் ஜூனியர் லீக் கிளப்புகளுக்கு அதன்மீது மனத்தாங்கல் வருவது ஏன்?

பதில்: உலகப் போட்டிகளில் அமெரிக்க இளையோர் பின்தங்கியிருந்த காலத்தில், 1996-இல், மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் இத்திட்டம் தொடங்கப்பட்டது, இப்போது அதே மாநிலத்தின் பிளிமத் நகரில் இயங்குகிறது. நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்த பையன்களை, 17 வயதுக்குட்பட்டோர், 18 வயதுக்குட்பட்டோர் என்று இரண்டு அணிகளாக்கி, இரண்டு ஆண்டுகள் ஒன்றாகவே வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். பலன் கண்கூடு. 2009 முதல் 2012 வரை 18 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் அமெரிக்கா தொடர்ந்து நான்கு முறை தங்கம் வென்றது. வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீகான என்.எச்.எல்.-இன் கிளப்புகள் இளம் வீரர்களைச் சுற்றுமுறையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2019-இல் முதல் சுற்றில் மட்டும் இத்திட்டத்தின் வீரர்கள் 8 பேர் தேர்வானார்கள்.

ஆனால் அந்த 8 பேரும் திட்டத்துக்கு வராமல் இருந்திருந்தால், ஏதாவதொரு ஜூனியர் கிளப்பின் நட்சத்திரங்களாக இருந்திருப்பார்கள். கிளப்புகளுக்கு டிக்கெட் விற்றாக வேண்டும். தோற்றுக்கொண்டே இருந்தால் பயிற்சியாளரின் வேலை போய்விடும். திட்டத்துக்கோ லீக் வெற்றி இரண்டாம்பட்சம். இரு தரப்பும் அமெரிக்காவின் முதன்மை ஜூனியர் லீகான யு.எஸ்.எச்.எல்.-இல்தான் ஆடுகின்றன என்பதால் இந்த வேறுபாடு இன்னும் உறுத்துகிறது. எதிரணி வீரர் தண்டனைப் பெட்டியில் இருக்கும் பவர் பிளே நேரத்தில், சாதாரண கிளப்பில் களமிறங்குகிறவர் பெரும்பாலும் 19 வயதுக்காரராக இருப்பார்; 16 வயதுப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். தேசியத் திட்டத்தின் அணியில் அந்தப் பொறுப்பு அவனுக்கே கிடைக்கிறது. வயதில் மூத்த, உடல்வலு மிகுந்த அணிகளிடம் அடிக்கடி தோற்றாலும், அவன் கற்றுக்கொள்வது அங்கேதான் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: கனடாவிலும் இதே நிலைதானா? நாட்டுக்காக ஆடப் போகிறவரை ஒரு கிளப் பிடித்துவைத்துக்கொள்வது முறையா?

பதில்: கனடாவில் இப்படி நிரந்தரமான தேசியப் பயிற்சி அணி இல்லை, ஓ.எச்.எல். போன்ற மூன்று பெரிய ஜூனியர் லீகுகளே வீரர்களை வளர்க்கின்றன. எனவே உரசல் நாட்காட்டியில் வெளிப்படுகிறது. 18 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி நடக்கும் ஏப்ரலில் அந்த லீகுகளில் பிளே-ஆஃப் உச்சத்தில் இருக்கும். ஆகவே, பெரும்பாலும் தங்கள் கிளப் வெளியேறிவிட்ட வீரர்களைக்கொண்டே கனடா அணியை அமைக்கிறது. தன் மிகச் சிறந்த வீரர்களை அது ஆகஸ்டில் நடக்கும், 18 வயதுக்குட்பட்ட தேசிய அணிகளுக்கான ஹ்லிங்கா கிரெட்ஸ்கி கோப்பைக்கு அனுப்புகிறது. அமெரிக்காவோ நேர்மாறாக, அந்தக் கோப்பைக்குத் தன் திட்டத்தில் இல்லாத பையன்களை அனுப்பிவிட்டு, ஏப்ரல் போட்டிக்குத் திட்டத்தின் அணியை முழுப் பலத்தோடு இறக்குகிறது. இதை நினைவில் வைக்காமல் பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்து எந்த நாடு சிறந்தது என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

டிசம்பர் 26 அன்று தொடங்கும், 20 வயதுக்குட்பட்டோருக்கான உலக ஜூனியர் போட்டிக்குக் கிளப்புகள் வீரர்களை விடுவிக்கவே செய்கின்றன. ஆனால் அந்த வாரங்களிலும் லீக் ஆட்டங்கள் நிற்பதில்லை. முன்னணி வீரர் இல்லாமல் தோற்ற ஆட்டங்களின் புள்ளிகளை யாரும் திருப்பித் தருவதில்லை. அந்த நாட்களில் லீக் ஆட்டங்களைக் குறைத்துக்கொள்வதே முறை என்பது என் உறுதியான கருத்து. கிளப் பிடித்துவைக்கிறது என்று குறை சொல்வதற்கு முன்னால், அதற்கு ஏற்படும் இழப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி விதி மாறியதால் இந்தப் பிணக்கு தீருமா?

பதில்: தீராது, வேறு வடிவம் எடுக்கும். கனடாவின் பெரிய ஜூனியர் லீகுகளில் ஆடியவர்களை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. நெடுங்காலம் தொழில்முறை வீரர்களாகவே கருதி, கல்லூரி அணிகளில் ஆடத் தடை விதித்திருந்ததால், கல்லூரிக் கனவு கொண்ட பையன் அந்தப் பக்கம் போகத் துணியவில்லை. 2024 நவம்பரில் எடுத்த முடிவின்படி, 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தத் தடை நீங்கிவிட்டது. இதுவரை தங்களுக்குள் மோதிக்கொண்டிருந்த தேசியத் திட்டமும் யு.எஸ்.எச்.எல். கிளப்புகளும் இனி கனடிய லீகுகள் என்ற பொதுப் போட்டியாளரைச் சேர்ந்தே எதிர்கொள்ள வேண்டும்.

பின்னாளில் என்.எச்.எல். நட்சத்திரமான பேட்ரிக் கேன் தேசியத் திட்டத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, 2006-07 பருவத்தில் ஓ.எச்.எல். லீகின் லண்டன் நைட்ஸ் அணிக்குப் போய், 58 ஆட்டங்களில் 145 புள்ளிகள் (அடித்த கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்ந்தது) எடுத்து, 2007 டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வானார். கல்லூரி வாய்ப்பை விட்டுக்கொடுத்தே அவர் அந்த வழியில் போக வேண்டியிருந்தது. இன்றைய பையனுக்கு அந்தத் தியாகம் தேவையில்லை. ஆகவே எந்தத் தரப்பு அழைத்தாலும், தன் மகன் வாரத்துக்கு எத்தனை ஆட்டங்களில், ஆட்டத்துக்கு எத்தனை நிமிடங்கள் களத்தில் இருப்பான் என்பதைப் பெற்றோர் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.