30 படம் வரைந்தும் எல்லாமே ஒரே பூ

கேள்வி: காரைக்குடியில் டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆத்தங்குடிக் கல்லுக்கு, அதாவது கையால் வார்க்கும் சிமெண்ட் தரைக்கல்லுக்கு, புது டிசைன் செய்ய வேண்டும். 30 படம் வரைந்துவிட்டேன். எல்லாமே பூவாகத்தான் வருகிறது. சார்ட்டில் ஒட்டிக் காட்டினால், "இதில் என்ன சொல்ல வருகிறாய்?" என்று சார் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: பூ வருவதில் தப்பில்லை. பழைய வீட்டுத் தரைகளைப் பார்த்துப் பார்த்து உங்கள் கை அதற்குப் பழகிவிட்டது. கொஞ்ச நாள் வரைவதை நிறுத்திவிட்டு, இந்தக் கல் எங்கே பதியப் போகிறது என்று முடிவு செய்யுங்கள். 'புது டிசைன்' என்று மட்டும் வைத்துக்கொண்டால் பிடி கிடைக்காது. 'மழை நாளில் முற்றத்திலிருந்து தாழ்வாரத்துக்கு ஏறும் ஆச்சிக்குப் படி விளிம்பு பளிச்சென்று தெரிய வேண்டும்' என்று எழுதிப் பாருங்கள். பட்டை, நிற வேறுபாடு, ஓரக்கல் என்று யோசனை தானாக வேறு பக்கம் ஓடும்.

அப்புறம் ஆத்தங்குடிப் பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு அரை நாள் நில்லுங்கள். கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் அறை அறையாகப் பிரிந்த அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் கலர்க் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் உலர்ந்த சிமெண்ட், மணல் தூவி, அதன்மேல் ஈரக் கலவை போட்டு மட்டம் செய்வார்கள். கண்ணாடியைத் தொட்டிருக்கும் பக்கம்தான் கல்லின் முகம். ஊற்றுகிறவர் பார்ப்பது முதுகுப்பக்கத்தை. அதனால் டிசைன் இடவலம் மாறித்தான் வெளியே வரும். கோடு மிக மெல்லியதாக இருந்தால் அந்த அறைக்குள் கலவை சரியாக இறங்காது. இது தெரிந்ததும் உங்கள் 30 படங்களில் பல தாமாகவே கழிந்துவிடும். மிச்சம் இருப்பதுதான் உங்கள் முதலீடு.

புதிதாக யோசிக்கக் கத்தரிக்கோலை எடுங்கள். காகிதச் சதுரங்களில் மூலைக்கு மூலை கோடு போட்டு ஒரு பாதியைக் கறுப்பாக்குங்கள். ஒரு சதுரத்தை நான்கு விதமாகத் திருப்பி வைக்கலாம். நான்கு சதுரம் சேர்ந்தால் 256 விதமாக அடுக்கலாம். செபஸ்டியன் ட்ரூஷே என்ற பிரெஞ்சுத் துறவி 1704இலேயே இதைக் கணக்காக ஆராய்ந்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது; ஒரு மணி நேரத்தில் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இனி சார்ட். ஒற்றைக் கல்லைப் பெரிதாக வரைந்து ஒட்டாதீர்கள். தரையை யாரும் ஒரு கல்லாகப் பார்ப்பதில்லை. 16 கல் சேர்ந்த படத்தை வைத்து, அதன் மேல் ஓர் ஆள் நிற்பதையும் காட்டுங்கள். உச்சியில் அந்த ஆச்சி வரி. நடுவில் கைவிட்ட மூன்று யோசனைகள், ஒவ்வொன்றின் கீழும் ஏன் விட்டீர்கள் என்று ஒரே வரி. 'கோடு மெலிவு, கலவை இறங்கவில்லை' என்பது போதும். கீழே தேர்ந்தெடுத்தது. பிறகு, வகுப்பில் இல்லாத ஒருவரை ஆறடி தள்ளி நிற்க வைத்து, என்ன புரிகிறது என்று கேளுங்கள். அவர் பேசும்போது குறுக்கே விளக்காதீர்கள்.

மாதிரிக் கல் செய்து காட்டுவதாக இருந்தால் பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊற்றிய கல் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறி, பிறகு காயவும் வேண்டும்.